ஒட்டுப்பட்டை விவகாரம்

கீழக்குயில்குடி சாலையில், சமணர் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறது தென்பாண்டி நீர்ம உயராய்வு நிறுவனம். தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று ஆராய்வதற்கென்றே கோடிகளைக் கொட்டிக் கட்டிய இடம். அங்கே குடிக்கிற தண்ணீர் மட்டும் லாரியில் வரும். அதைப் பற்றி யாரும் ஆராய்வதில்லை. அது பராமரிப்புப் பிரிவின் அதிகாரத்தில் வருகிற விஷயம்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஆன்சிக்கு ஒரு வாய் காபிகூட இறங்கவில்லை. ஆறு வருடம் அந்த நிறுவனத்தில் முனைவர் பட்டத்துக்கு உழைத்தவள் அவள். அன்று மாலை ஐந்து மணியோடு அவளுடைய பதிவு காலாவதியாகிறது. அதற்குள் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்து தீர்மானம் எழுதப்பட்டுவிட்டால் டாக்டர் ஆன்சி. ஐந்து அடித்துவிட்டால் ஆறு வருடமும் கிணற்றில் போட்ட கல். நீட்டிப்புக் கேட்கவும் வழியில்லை. கேட்க வேண்டியதையெல்லாம் முன்பே கேட்டு, வாங்கி, தீர்த்தாயிற்று.

"ஜெபம் பண்ணிக்கிட்டுத்தான்டி இருக்கேன். பயப்படாமப் போ" என்றார் அம்மா அற்புதமேரி. மிஷன் பள்ளிக்கூடத்து ஆசிரியை. பரீட்சை பயத்தைப் பார்த்துப் பழகியவர்.

"எனக்குப் பண்ணாதம்மா. அந்த ரெண்டு ஹெச்.ஓ.டி.யும் ஒண்ணாச் சேரணும்னு பண்ணு."

"அம்புட்டுப் பெரிய அற்புதமெல்லாம் நடக்குமா தெரியலையே" என்று அம்மா முணுமுணுத்ததைக் கேட்காததுபோல ஆன்சி ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

அவளுடைய ஆராய்ச்சியைச் சொல்வது ஒன்றும் கடினமில்லை. ஆனையூரில் போர் போட்டால் வருகிற தண்ணீர் உப்பு. அந்த உப்பை வடிகட்டும் சவ்வில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. ஒரு தலைமுடியின் பருமனுக்குள் ஆயிரக்கணக்கில் அடுக்கலாம். துளைக்குள் போகிற தண்ணீர் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போகும். அங்கே ஒவ்வோர் அணுவையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டாக வேண்டும். துளைக்கு வெளியே தண்ணீர் தண்ணீராகவே போகிறது. அங்கே அணுவைத் தேட வேண்டாம், மொத்தத்தையும் ஒரே ஓட்டமாக வைத்துக் கணக்கிட்டால் போதும். எல்லாவற்றையும் அணு அணுவாகப் போட்டால் கணினி விடை சொல்வதற்குள் ஆன்சிக்குப் பேரன் பேத்தி பிறந்துவிடும். எல்லாவற்றையும் மொத்தமாகப் போட்டால் விடையே தப்பு. ஆகவே இரண்டு கணக்கையும் போட்டு, நடுவில் ஒரு பட்டையில் ஒட்ட வேண்டும். அந்த ஒட்டுப்பட்டையில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடும். நான் இந்த வேகத்தில் வருகிறேன் என்று ஒன்று சொல்லும். நான் இவ்வளவு இழுக்கிறேன் என்று மற்றது சொல்லும். ஒன்றின் பேச்சை ஒன்று கேட்காமல் இரண்டுமே ஓரடி நகர முடியாது.

இதில் தண்ணீருக்கு எந்தச் சங்கடமும் இல்லை. சங்கடமெல்லாம் நிறுவனத்துக்குத்தான்.

நிறுவனத்தில் இரண்டு கட்டடங்கள், நடுவே ஒரு புல்தரை. வடக்குக் கட்டடம் அணுத்துறை, அதன் தலைவர் பேராசிரியர் நல்லகாமன். தெற்குக் கட்டடம் ஓட்டத்துறை, அதன் தலைவர் பேராசிரியர் பாண்டியராஜன். திறப்பு விழாவன்று பொன்னாடை ஒன்று குறைந்துபோய், இருந்த ஒன்றை இருவரில் ஒருவருக்குப் போர்த்திவிட்டார்கள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. யாருக்குப் போர்த்தினார்கள் என்பது இருவருக்குமே மறந்துவிட்டது. கோபம் மட்டும் மறக்கவில்லை.

ஆன்சியின் நெறியாளர் இருந்தவரை தொல்லையில்லை. அவருடைய அறையில் ஒரே கணினியில் இரண்டு கணக்கும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. அவர் ஓய்வு பெற்ற மறுநாளே, ஒட்டுப்பட்டை எந்தத் துறையின் எல்லைக்குள் வருகிறது என்ற கேள்வி எழுந்துவிட்டது.

"பட்டையில அணு இருக்கா, இல்லையா?" என்று கேட்டார் நல்லகாமன்.

"இருக்கு சார்."

"அப்ப அது எங்க இடம். பேச்சு முடிஞ்சுச்சு."

ஆன்சி புல்தரையைக் கடந்து தெற்கே போனாள்.

"பட்டையில ஓட்டம் இருக்காம்மா?" என்று கேட்டார் பாண்டியராஜன்.

"இருக்கு சார்."

"அப்ப எங்க இடம். அணுவை வேணும்னா குடித்தனக்காரன் மாதிரி இருந்துட்டுப் போகச் சொல்லு. சொந்தம் கொண்டாடக் கூடாது."

விவகாரம் இயக்குநர் ராயப்பனிடம் போயிற்று. அவர் எந்த விவகாரத்தையும் தீர்த்ததில்லை, எதையும் விட்டதுமில்லை. உடனே ஒட்டுப்பட்டை உயர்மட்டக் குழு அமைக்கப்பட்டது. முதல் கூட்டத்தில் இயக்குநர் எழுந்து, நிறுவனக் குழுக்களின் நடைமுறையை நினைவூட்டினார்.

"இந்த நிறுவனத்துல யார் வேணும்னாலும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அது ஜனநாயகம். ஆனா வாயால தெரிவிக்கக் கூடாது. வலது கையைத் தூக்கணும். தூக்கின கையை மட்டும்தான் குறிப்புல எழுதுவோம். தூக்கலைன்னா சம்மதம். போன குழுவுல வாயால ஆரம்பிச்ச ஆட்சேபம் நாற்காலியில முடிஞ்சது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்."

எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. அந்த நாற்காலி இன்னும் ஒரு கால் இல்லாமல் மூலையில் கிடந்தது.

குழு முடிவு செய்தது: அணுக்கணக்கு வடக்குக் கட்டடத்துக் கணினியில் ஓடும். ஓட்டக்கணக்கு தெற்குக் கட்டடத்துக் கணினியில் ஓடும். ஒன்று மற்றதற்குச் சொல்ல வேண்டியதைத் துறைத்தலைவர் பார்வையிட்டு, பென்டிரைவில் ஏற்றி, தபால் பிரிவு வழியாக அனுப்புவார்.

ஆன்சி பதறி எழுந்தாள். "சார், ரெண்டும் ஒரே மெஷின்ல இருந்தா ஒரு நொடியில ஆயிரம் தடவை பேசிக்கும் சார்."

"அதுதாம்மா பிரச்சினையே" என்றார் ராயப்பன், கனிவாக. "மேல இருக்கிறவங்களுக்குத் தெரியாம கீழ இருக்கிறதெல்லாம் ஆயிரம் தடவ பேசிக்கிட்டா, அதுக்குப் பேரு நிர்வாகமா?"

ஆன்சி கையைத் தூக்கப் போனாள். ஆராய்ச்சி மாணவர்களுக்குக் குழுவில் கை கிடையாது என்று பக்கத்தில் இருந்தவர் சொல்லித் தடுத்தார்.

மறுநாளிலிருந்து அலுவலக உதவியாளர் மலையாண்டி, எவர்சில்வர் தட்டில் பென்டிரைவை வைத்துக்கொண்டு புல்தரையைக் கடக்க ஆரம்பித்தார். துறைத்தலைவர் கையிலிருந்து வருவதை வெறுங்கையில் கொண்டுபோவது மரியாதையில்லை என்று ஓர் உத்தரவு. முதலில் யார் கொடுப்பது என்று அடுத்த தகராறு. தேடிப் போய்க் கொடுப்பவன் தாழ்ந்தவன் என்பதில் மட்டும் வடக்கும் தெற்கும் ஒத்த கருத்தோடு இருந்தன. ஒற்றைத் தேதியில் வடக்கிலிருந்து, இரட்டைத் தேதியில் தெற்கிலிருந்து என்று ராயப்பன் உத்தரவு போட்டார். நொடிக்கு ஆயிரம் அடி வைத்த தண்ணீர், நாளொன்றுக்கு ஓரடி வைத்தது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு உள்ளூர் விடுமுறை விட்டபோது தண்ணீருக்கும் சேர்த்தே விட்டார்கள். மலையாண்டிக்குக் காய்ச்சல் கண்ட வாரம் தண்ணீர் அசையவேயில்லை.

அசையாமல் நின்றிருந்தாலாவது தேவலை. தெற்கிலிருந்து பதில் வரும்வரை அணுக்கணக்கை நிறுத்திவைக்க நல்லகாமன் சம்மதிக்கவில்லை.

"எங்க அணு அங்கிட்டு இருந்து பதில் வர்றவரைக்கும் வாசல்ல காத்துக்கிட்டு நிக்கணுமாக்கும்? அது பாட்டுக்கு ஓடட்டும்."

ஓடியது. பழைய பேச்சை நம்பிக்கொண்டே அணுக்கள் ஓடின. எல்லையில் பட்டை அவற்றை வாங்கிக்கொள்ளாததால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கின. கோரிப்பாளையத்தில் அழகரைப் பார்க்க நிற்கிற கூட்டம்போல, திரையில் ஓர் ஓரம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். ஆன்சி தினமும் அதைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் நெருக்கினால் கணக்கு சிதறிவிடும். சிதறினால் எண்கள் எண்களாக இருக்காது, திரை வெறுமையாகிவிடும். மறுபடி முதலிலிருந்து ஓட்ட அவளுக்குக் காலம் இல்லை. இராத் தூக்கம் போயிற்று, இளைத்துப்போன கழுத்தில் சிலுவைச் சங்கிலி லொடலொடவென்று தொங்கியது.

கடைசியாக ஓர் உத்தரவு வந்தது. ஆன்சியின் பழைய முடிவுகள் துறைசாராக் கணினியில் ஓடியவை, ஆகவே செல்லாது. வைவாவின்போது, வெளித்தேர்வாளர் முன்னிலையில், இரண்டு துறைகளின் கணக்கும் முறைப்படி கைமாறி, ஒட்டி ஓடிக் காட்ட வேண்டும். அதற்கு இரண்டு தலைவர்களும் தங்கள் கையால் கொடுத்து வாங்க வேண்டும்.

அந்த நாள்தான் இந்த வெள்ளிக்கிழமை.

வெளித்தேர்வாளர் பேராசிரியர் தமிழ்வாணி திருச்சியிலிருந்து வந்தார். கொட்டாம்பட்டியில் பஸ் பழுதாகி நின்றுவிட, காலையில் தொடங்க வேண்டிய வைவா மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தொடங்கியது. ஆனாலும் அவர் உட்கார்ந்ததும் நேரே தண்ணீரைப் பற்றிக் கேட்டார். அந்த அரங்கத்தில் தண்ணீரைப் பற்றி ஒருவர் கேட்டு வெகுநாள் ஆகியிருந்ததால் ஆன்சி முதலில் திகைத்தாள். பிறகு மளமளவென்று பதில் சொன்னாள். பட்டையை ஏன் அவ்வளவு அகலம் வைத்தாய், எந்தப் பக்கம் எதைக் கொடுக்கிறது, தப்பு எங்கே சேரும் என்று அவர் குடைந்து குடைந்து கேட்க, ஆன்சிக்கு ஆறு வருடமும் நாக்கின் நுனியில் வந்து நின்றது.

"நல்லா செஞ்சிருக்க. ஓட்டிக் காட்டிட்டா முடிஞ்சிருச்சு" என்றார் தமிழ்வாணி.

சுவர்க் கடிகாரம் நாலைத் தாண்டியிருந்தது.

மலையாண்டி இரண்டு தட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பென்டிரைவ். நல்லகாமன் தம் தட்டின் பின்னாலும் பாண்டியராஜன் தம் தட்டின் பின்னாலும் உட்கார்ந்தார்கள். யாரும் அசையவில்லை.

"சார்..." என்றாள் ஆன்சி.

"இந்தா பாரும்மா" என்றார் நல்லகாமன். "எனக்கு உன் மேல ஒரு கோவமும் இல்ல. அவுக குடுக்கட்டும், நான் வாங்கிக்கிறேன். நான் போயிக் குடுத்தேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்துறக் கூடாது. என் காலத்துல அணு தலைகுனிஞ்சதுன்னு வரலாறு சொல்லும்."

"ஓட்டம்ங்கிறது பெருசும்மா" என்றார் பாண்டியராஜன், கூரையைப் பார்த்து. "கடலும் ஓட்டம்தான், காத்தும் ஓட்டம்தான். அம்புட்டுப் பெருசு ஒரு பொடிப்பய அணுகிட்டப் போய் நிக்கணுமா? அவுக வரட்டும். நான் பெருந்தன்மையா வாங்கிக்கிறேன்."

"இன்னைக்கு என்ன தேதி? ஒத்தையா, ரெட்டையா?" என்றார் தமிழ்வாணி.

ஒற்றைத் தேதி. ஆனால் ஒற்றை இரட்டை ஏற்பாடு தபால் பிரிவுக்கு மட்டுமே பொருந்தும், நேரடிக் கைமாற்றத்துக்குப் பொருந்தாது என்று ராயப்பன் விதியைப் படித்துக் காட்டினார். படித்து முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. ஆன்சி கடிகாரத்தையும் தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். தேர்வாளர் இருக்கிறார், பதில் இருக்கிறது, கணக்கும் இருக்கிறது. எல்லாம் இருந்தும், இரண்டு முழம் மேசையைக் கடக்க முடியாமல் அவளுடைய வாழ்க்கை தட்டில் உட்கார்ந்திருந்தது. கத்திவிடலாமா என்று இருந்தது. கத்தினால் குறிப்பில் ஏறாது என்பதும் நினைவுக்கு வந்தது.

நாலே முக்காலுக்கு ராயப்பனுக்கு அருள் வந்தது.

"போன மாசம் என் மகளுக்கு நிச்சயதார்த்தம்" என்று எழுந்தார். "சம்பந்திங்க தட்டு மாத்துனாங்க. யார் முதல்ல குடுத்தான்னு யாராவது கேட்டாங்களா? ஒரே நேரத்துல ரெண்டு பேரும் பிடிச்சு, ஒரே நேரத்துல மாத்துறோம். குடுத்தவனும் இல்ல, வாங்குனவனும் இல்ல. நம்ம முன்னோர்கள் அணுவையும் ஓட்டத்தையும் பத்தி அன்னைக்கே யோசிச்சிருக்காங்க. அறிவியலையும் பண்பாட்டையும் ஒரே தட்டுல வைக்கிற நிறுவனம் தென்னாட்டுல நம்மளது ஒண்ணுதான். மலையாண்டி, வெத்தல பாக்கு வாங்கிட்டு வா. வெறும் தட்டை மாத்துறது அபசகுனம். போட்டோகிராபரையும் கூப்பிடு."

"சார், மணி!" என்றாள் ஆன்சி. அழுகை வந்துவிட்டது.

"சுபகாரியத்துல அவசரப்படக் கூடாதும்மா."

கேன்டீனில் வெற்றிலை இல்லை. மலையாண்டி ஆளுக்கொரு வாழைப்பழம் வாங்கிவந்து பென்டிரைவ் பக்கத்தில் வைத்தார். இரண்டு தலைவர்களும் எழுந்தார்கள். தம் தட்டை இடது கையில் தாங்கி, எதிராளியின் தட்டை வலது கையால் பற்ற வேண்டும். ராயப்பன் மூன்று சொன்னதும் இருவரும் இடது கையை எடுத்துவிட வேண்டும். நிறுவனம் திறந்த நாளிலிருந்து இவ்வளவு பக்கத்தில் அவர்கள் நின்றதில்லை.

"ஒண்ணு... ரெண்டு... மூணு!"

யாரும் விடவில்லை.

"மறுபடியும். ஒண்ணு, ரெண்டு, மூணு!"

நல்லகாமன் பாண்டியராஜனின் இடது கையைப் பார்த்தார். பாண்டியராஜன் நல்லகாமனின் இடது கையைப் பார்த்தார். அவன் விடட்டும் என்று இவர், இவன் விடட்டும் என்று அவர். ஒரு கண்ணிமைப்பு முன்னால் விட்டாலும் அது முதலில் கொடுத்ததாகிவிடும். தட்டுகள் இரண்டும் நடுங்கின, வாழைப்பழங்கள் உருண்டன. நாலு கையும் இறுகியபடியே இருந்தன. ராயப்பன் மூன்று சொல்லிக்கொண்டேயிருந்தார். போட்டோகிராபர் சிரிக்கச் சொன்னார்.

கடிகாரத்தில் ஐந்துக்கு நாலு நிமிடம்.

ஆன்சி தட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. இரண்டிலும் இரண்டு பேர் கையும் இருக்கிறது. இது யார் தட்டு என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. ஆறு வருடமாகத் திரையில் பார்த்த ஒட்டுப்பட்டை கண் முன்னால் நிற்கிறது. அவளுக்குச் சட்டென்று பயம் விட்டுப்போயிற்று. அந்த இடத்தில் கோபம் வந்தது, நல்ல கோபம்.

நேரே போனாள். இரண்டு தட்டிலும் இருந்த பென்டிரைவ்களை எடுத்துக்கொண்டாள். தலைவர்கள் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததால் தட்டைப் பார்க்கவில்லை. திரையோடு இணைத்திருந்த கணினியில் இரண்டையும் செருகினாள்.

சிவப்பு ஓரம் திரையில் விரிந்தது. அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஒட்டியதும் முழுத் திரையும் ஒரு முறை உலுக்கியது. போச்சு, சிதறப் போகிறது. இன்னொரு உலுக்கல். பிறகு எல்லையில் ஒரு புள்ளி வழிவிட்டது, அடுத்து ஒன்று, அடுத்து பத்து. சிவப்பு மெல்ல வெளுத்தது. பட்டையைத் தாண்டி, யாரிடமும் கேட்காமல், தண்ணீர் போக ஆரம்பித்தது.

தமிழ்வாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எம்புட்டு அழகாப் போகுது பாரு" என்றார் மெதுவாக. அப்புறம் கடிகாரத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "ரெண்டு துறையோட கணக்கும் என் முன்னாடி ஒட்டி ஓடிருச்சு. ரெண்டு தலைவர்களும் தங்கள் கையால கொடுத்து வாங்கிக்கிட்டுத்தான் இருக்காங்க. பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன். ஆட்சேபம் உள்ளவங்க இந்த நிறுவன விதிப்படி வலது கையைத் தூக்கலாம்."

நல்லகாமன் திடுக்கிட்டுத் தட்டைப் பார்த்தார். வாழைப்பழம் மட்டும் இருந்தது. "ஏய், யாரு எடுத்தா? எனக்கு ஆட்சேபம் இருக்கு!"

"எனக்கும் இருக்கு!" என்றார் பாண்டியராஜன். நிறுவன வரலாற்றில் இருவரும் சேர்ந்து ஒரே பேச்சைப் பேசியது அதுதான் முதல் தடவை.

ராயப்பன் மிகுந்த வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "வாய்மொழி ஆட்சேபம் குறிப்புல ஏறாது சார். விதி நம்ம எல்லாரையும் விடப் பெருசு. கையைத் தூக்குங்க."

இரண்டு வலது கைகளும் எதிராளியின் தட்டைப் பற்றியிருந்தன. எடுத்தால் தட்டு அவனோடு போய்விடும். நல்லகாமனின் விரல் ஒன்று லேசாக எழுந்தது. பாண்டியராஜனின் கண் மின்னியது. விரல் மறுபடி படிந்தது.

"முதல்ல நீங்க தூக்குங்க" என்றார் நல்லகாமன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அவுக தூக்கட்டும்" என்றார் பாண்டியராஜன்.

"ஆட்சேபம் இல்லை" என்று ராயப்பன் சொல்லிச் சொல்லி எழுதினார். "ஒருமனதாக நிறைவேறியது." முத்திரை வைத்து ஊதும்போது கடிகாரம் ஐந்து அடித்தது.

ஆன்சி வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, கெடச்சிருச்சும்மா."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி மட்டும் கேட்டது. "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றார் அம்மா. பிறகு, ஆசிரியைக்கே உரிய சந்தேகத்தோடு, "அப்ப அந்த ரெண்டு பேரும் ஒண்ணாச் சேந்துட்டாகளாடி?" என்றார்.

ஆன்சி அரங்கத்தின் சன்னலைப் பார்த்தாள். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசலில் மலையாண்டி பூட்டும் சாவியுமாக, உள்ளே எட்டி எட்டிப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"சேந்துட்டாகம்மா" என்றாள். "இப்ப பிரிச்சு விடத்தான் ஆளில்ல."